மனைப்பிரிவும் மன்றத் தீர்மானமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஒரு பேரூராட்சியில் முதன்முறையாகத் தேர்வான வார்டு உறுப்பினர். அடுத்த மாதக் கூட்டத்தின் அஜெண்டாவில் "மனைப்பிரிவு விதிகளை நம் ஊருக்கு ஏற்பத் திருத்துதல்" என்று ஒரு பொருள் வந்திருக்கிறது. சாலை அகலத்தைக் குறைத்துக்கொண்டால் மனை விலை இறங்கும், ஏழைகளும் வாங்க முடியும் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். மன்றம் அப்படித் திருத்த முடியுமா? நான் என்ன நிலை எடுக்க வேண்டும்?
*– பெண் வார்டு உறுப்பினர் ஒருவர், ஈரோடு மாவட்டம்*

பதில்: மன்றம் திருத்த முடியாது. நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாநில அரசிடம் இருக்கிறது. ஊராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, சென்னைப் பெருநகருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த விதிகளை எல்லாம் சேர்த்து, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. உங்கள் பேரூராட்சிக்கும் கோயம்புத்தூர் மாநகராட்சிக்கும் இன்று விதிநூல் ஒன்றுதான். ஆகவே உங்கள் மன்றம் நிறைவேற்றும் தீர்மானம் அரசுக்கு அனுப்பும் கோரிக்கையாக மட்டுமே நிற்கும். அதையே விதியாகக் கருதி ஒரு மனைப்பிரிவுக்கு இசைவு கொடுத்துவிட்டால், பத்திரப் பதிவிலும் வங்கிக் கடனிலும் கட்டட அனுமதியிலும் அடிபடுபவர்கள் அந்த மனையை வாங்கிய குடும்பங்கள்தான்.

ஏழைகளின் பெயரால் வைக்கப்படும் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. சிற்றூர்களில் மனை விலை கைக்கு எட்டாமல் போவது உண்மை. ஆனால் அதற்கு விதிக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒப்புதல் பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில் அந்தச் சிறு மனைகள் எங்கே இருக்கின்றன, யாருக்கு விற்கப்பட்டன என்று கூட்டத்தில் கேளுங்கள். ஏழைகளுக்காகப் பேசுகிறவர்கள் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி அது.

சாலை அகலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலையின் நீளம் கூடக் கூட அகலமும் கூட வேண்டும் என்று விதி சொல்வதற்குக் காரணம் போக்குவரத்து மட்டுமன்று. மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்கம்பம், நாளை வரக்கூடிய பாதாளச் சாக்கடை ஆகிய அனைத்துக்கும் இடம் அந்த அகலத்துக்குள்ளிருந்தே வர வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே சென்று திரும்ப வேண்டும். மனைகள் விற்றுத் தீர்ந்து, இருபுறமும் சுற்றுச்சுவர் எழுந்துவிட்ட பிறகு ஓர் அடி வேண்டும் என்றாலும் பேரூராட்சி அதை விலை கொடுத்துத்தான் வாங்க முடியும். இன்று மனை போடுபவர் மிச்சப்படுத்தும் நிலத்தின் விலை, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரி செலுத்துவோர் தலையில் வந்து விழும்.

எனினும் உங்கள் மன்றம் அரசிடம் கேட்பதற்கு நியாயமான கோரிக்கைகளும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றிய பழைய தெருக்கள், நெசவாளர் தெருக்கள், சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள் கொண்ட பகுதிகள் ஆகியவற்றில் குறுகி நீண்ட மனைகளைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும்போது, புதிதாக வயலை மனையாக்குபவருக்கான அளவுகளை அப்படியே பொருத்துவது கடினம். தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு விதிகளில் தனி அளவுகள் உண்டு. உங்கள் ஊரின் எந்தெந்தத் தெருக்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று புல எண்களோடு குறிப்பிட்டு, அவற்றைச் சேர்க்கும்படி கேட்கும் தீர்மானத்துக்கு நீங்கள் மனமார ஆதரவு தரலாம். "நம் ஊருக்கு ஏற்ப" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானம் புதிய மனைப்பிரிவுகளுக்குக் கதவைத் திறக்கவே பயன்படும். அந்த வடிவிலேயே அது வாக்குக்கு வந்தால், உங்கள் எதிர்ப்பையும் அதற்கான காரணத்தையும் கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பேசிவிட்டு வருவதோடு நின்றுவிட்டால் பின்னாளில் அதற்குச் சான்று இருக்காது.

கேள்வி: அப்படியானால் மனைப்பிரிவு விஷயத்தில் பேரூராட்சி மன்றத்துக்கு வேலையே இல்லையா? எல்லாம் டிடிசிபி பார்த்துக்கொள்கிறது என்கிறார்கள்.
*– வாசகர் ஒருவர், தருமபுரி மாவட்டம்*

பதில்: மன்றத்துக்குப் பெரிய வேலை இருக்கிறது. அது பெரும்பாலும் செய்யப்படாமல் விடுபடுவதுதான் என் ஆதங்கம்.

நடைமுறையைப் பாருங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது மக்கள் டிடிசிபி என்று அழைக்கும் அலுவலகம், வரைபடத்தை ஆய்ந்து தொழில்நுட்ப ஒப்புதல் அளிக்கிறது. அதன் பிறகு மனை போடுபவர், வரைபடத்தில் காட்டிய சாலைகளையும் பொதுத் திறந்தவெளியையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதன் பின்னர்தான் உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தருகிறது. மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கு உரியது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலங்களில், இடம் ஒதுக்க இயலாத நிலையில் வழிகாட்டி மதிப்புப்படி பணமாகச் செலுத்த இடமுண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும்.

ஆக, ஒரு வயல் ஊராக மாறும் அந்த ஒரே தருணத்தில் ஊருக்குப் பொதுச் சொத்தாக வந்து சேர்வது அந்தச் சாலைகளும் அந்தத் திறந்தவெளியும்தான். அவற்றைக் கைநீட்டி வாங்கிக்கொள்வது உள்ளாட்சி. வாங்கிய பின் என்ன நடக்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது. தானப் பத்திரம் பதிவாகிக் கோப்பில் வைக்கப்படுகிறது. பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே தொடர்கிறது. வருவாய்த் துறைக்கு விண்ணப்பித்து, சர்வேயரைக் கொண்டு அளந்து, உட்பிரிவு செய்து, பேரூராட்சியின் பெயருக்கு மாற்ற யாரும் முன்வருவதில்லை. செயல் அலுவலர்கள் மாறுகிறார்கள், மன்றத்தின் காலம் முடிகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் பழைய உரிமையாளரின் வாரிசு ஒருவர் அந்தப் பட்டாவைக் காட்டிப் பூங்கா இடத்தை விற்கிறார், வாங்கியவர் வேலி போடுகிறார், ஊர் நீதிமன்றத்துக்கு நடக்கிறது. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இத்தகைய வழக்கு ஒன்றைக் கேட்கலாம்.

எனவே மன்ற உறுப்பினர்கள் புதிய விதிகளைத் தேடுவதற்கு முன், தங்கள் எல்லைக்குள் இதுவரை ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகள் அனைத்தின் பட்டியலையும், ஒவ்வொன்றின் தானப் பத்திர எண்ணையும், இன்று அந்த நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும், வேலியும் பெயர்ப் பலகையும் இருக்கின்றனவா என்பதையும் அறிக்கையாக மன்றத்தில் வைக்கும்படி ஒரு தீர்மானம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு அரசின் அனுமதி வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் இடத்தில், 2023 ஏப்ரல் முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. சட்டம் மாறியதைக் காரணமாகக் கொண்டே இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.

வரைபடம் மன்றத்துக்கு வரும் நிலையில் மற்றொன்றையும் உறுப்பினர்கள் பார்க்க வேண்டும். அந்த நிலத்தின் ஊடே வாய்க்காலோ ஓடையோ போகிறதா என்பதைப் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணின் நில விவரமும் அடங்கிய வருவாய்த் துறைப் பதிவேடு) வைத்துச் சரிபார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் மேசையில் அமர்ந்து வரைபடம் பார்க்கும் அலுவலருக்குத் தெரியாத வாய்க்கால், அந்த வார்டில் பிறந்து வளர்ந்த உறுப்பினருக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, பின்னாளில் நூறு வீடுகளில் வெள்ளம் புகுவதைத் தடுக்கும்.

கேள்வி: 2012இல் ஒரு மனை வாங்கினேன். பத்திரம் பதிவாகியிருக்கிறது, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டாவும் கிடைத்துவிட்டது. இப்போது வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டால், "இது அங்கீகாரம் இல்லாத மனை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அரசே பட்டா கொடுத்த பிறகு இது எப்படிச் சரியாகும்?
*– வாசகர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்*

பதில்: உங்கள் மனக்குறை புரிகிறது. வருவாய்த் துறையின் உட்பிரிவு, நிலம் யாருடையது, அதன் எல்லை எது என்பதைப் பதிவு செய்கிறது. அந்த நிலத்தை வீட்டுமனையாகப் பயன்படுத்தலாமா, அதற்குச் சாலையும் வடிகாலும் திறந்தவெளியும் விடப்பட்டனவா என்பதை அது ஆராய்வதில்லை. அந்த ஆய்வு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் நடப்பது. இரண்டும் இரண்டு துறைகள், ஒன்றின் ஒப்புதல் மற்றொன்றுக்கு ஈடாகாது.

உங்களைப் போல வாங்கியவர்கள் தமிழகமெங்கும் இருப்பதற்குக் காரணம், நெடுங்காலம் பதிவு அலுவலகங்கள் அங்கீகாரத்தைக் கேட்காமலே பத்திரங்களைப் பதிவு செய்ததுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுக்க, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வாங்கியவர்கள் கைவிடப்படக் கூடாது என்பதற்காக 2017 மே மாதத்தில் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியிடப்பட்டு, அவற்றின் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் 2012இல் வாங்கியவர் என்பதால் அந்தத் திட்டத்தின் கட்-ஆஃப் தேதிக்குள் வருகிறீர்கள்.

முதலில் உங்கள் மனைப்பிரிவு முழுமைக்கும் ஏற்கெனவே கட்டமைப்பு ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று பேரூராட்சியிலோ ஊராட்சி ஒன்றியத்திலோ கேளுங்கள். ஆகியிருந்தால் உங்கள் மனைக்கான தனி விண்ணப்பம் எளிதாகும். விண்ணப்பங்கள் தற்போது ஏற்கப்படுகின்றனவா என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள். நீர்நிலையிலோ, வாய்க்காலிலோ, புறம்போக்கிலோ, வேறொரு மனைப்பிரிவின் பூங்கா இடத்திலோ அமைந்த மனையை எந்தக் கட்டணம் செலுத்தியும் வரன்முறைப்படுத்த முடியாது. இடைத்தரகர் எவரேனும் முடியும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் நகரில் பூங்காவுக்கென விடப்பட்ட இடத்தில் வணிக வளாகம் கட்டி வாடகை ஈட்ட நகராட்சி மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. "இடம் நகராட்சியுடையது, வருமானமும் ஊருக்குத்தானே" என்கிறார்கள். நாங்கள் எதிர்ப்பது சரியா?
*– குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகி, திருவள்ளூர் மாவட்டம்*

பதில்: முற்றிலும் சரி. தானப் பத்திரத்தில் நகராட்சிக்குக் கிடைத்தது, பூங்கா என்ற பயனுக்காகக் காத்து வைக்க வேண்டிய இடம். உங்கள் ஒவ்வொருவரின் மனை விலையிலும் அந்த இடத்தின் விலை சேர்ந்திருக்கிறது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மருத்துவமனைக்கே அப்படியென்றால், கடைகளுக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல், தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், மன்றத் தீர்மானத்தின் நகல் ஆகிய மூன்றையும் முதலில் பெறுங்கள். பிறகு ஆணையருக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுத்துப்பூர்வமாக எதிர்ப்பைத் தெரிவியுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. கட்டடம் எழும்பிய பிறகு அதை இடிக்க வைப்பது மிகக் கடினம்.

கேள்வி: தந்தை விட்டுச் சென்ற 30 சென்ட் நிலத்தை நாங்கள் மூவரும் பாகம் பிரித்துக்கொள்ள மனைப்பிரிவு ஒப்புதல் தேவையா?
*– வாசகி ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்*

பதில்: நகர் ஊரமைப்பு விதிப்படி எட்டு மனைகளுக்கு மேல் பிரித்தால்தான் அது மனைப்பிரிவு, எட்டு வரையிலானது உட்பிரிவாகக் (வருவாய்த் துறையின் உட்பிரிவு வேறு) கொள்ளப்படும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது வேறு, பின்னர் அவரவர் பங்கில் வீடு கட்ட அனுமதி பெறுவது வேறு. வீடு கட்டும் எண்ணம் இருந்தால் உட்பிரிவுக்கு ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது. உள்பக்கம் அமையும் பங்குக்குப் போக்குவரத்துப் பாதையைப் பத்திரத்திலேயே அடிக்கணக்கில் அளவு குறிப்பிட்டு எழுதுங்கள். அண்ணன் தம்பிக்குள் என்ன அளவு என்று விட்டுவிட்ட பாதைகள்தான் அடுத்த தலைமுறையில் வழக்காகின்றன. நிலம் நஞ்சையாக இருந்தால், அதை வீட்டுமனையாக மாற்றுவதற்கு வேளாண்மைத் துறையின் கருத்தும் மாவட்ட ஆட்சியர் நிலையிலான பரிசீலனையும் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: மன்றக் கூட்டத் தீர்மானங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா? கேட்டால் "உள் ஆவணம்" என்கிறார்கள்.
*– வாசகர் ஒருவர், விருதுநகர் மாவட்டம்*

பதில்: பார்க்கலாம். மன்றத் தீர்மானம் பொது ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் தர அவர் கடமைப்பட்டவர். கூட்டம் நடந்த தேதியையும் தீர்மான எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். எண் தெரியாவிட்டால் குறிப்பிட்ட மனைப்பிரிவின் புல எண்ணைக் குறிப்பிட்டு, அது தொடர்பான தீர்மானங்கள் அனைத்தும் வேண்டும் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாட்களுக்குள் முறையிடலாம்.