செல்வமகள் கணக்கா, தெரபி கட்டணமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது பத்து மாதம். பத்துச் சொற்களுக்குள்தான் பேசுகிறாள். பெயர் சொல்லி அழைத்தால் பல நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. வளர்ச்சித் தாமதம் இருக்கிறது, ஆட்டிசமாகவும் இருக்கலாம் என்று சொன்ன குழந்தை மருத்துவர், ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) உடனே தொடங்கச் சொல்கிறார். மாதம் 14,000 ரூபாய் ஆகும். கணவர் சம்பளம் 44,000. நான் தனியார் பள்ளி ஆசிரியை, 18,000. வீட்டுக்கடன் தவணை 17,000, வீட்டுச் செலவு 22,000, செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு 10,000, எஸ்.ஐ.பி.க்கு (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 5,000 போகிறது. மகள் பிறந்தபோது கணவர் எடுத்த எண்டோமென்ட் பாலிசிக்கு (ஆயுள் காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) ஆண்டுக்கு 36,000 கட்டுகிறோம். மூன்று பிரீமியம் முடிந்தது. ஜூனில் சேர்க்க நினைத்த பிளே ஸ்கூலில் ஆண்டுக்கு 85,000 கேட்கிறார்கள். படைப்பாற்றலை வளர்க்கும் பாடத்திட்டமாம். மாமியாரோ, "இவள் அப்பாவே நான்கு வயதில்தான் பேசினான், பொறு" என்கிறார். கல்லூரிப் படிப்புக்காகச் சேர்க்கும் பணத்தில் கை வைக்கலாமா? நான் வேலையை விட்டுவிடலாமா?
– மதுரை வாசகி

பதில்: கை வைக்கலாம். இந்த மாதமே வையுங்கள். பொறுத்திருந்து பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

தாமதமாகப் பேசிய குழந்தைகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு, உங்கள் மாமியார் சொல்வது பொய்யல்ல. ஆனால் பேச்சு மட்டும் தாமதமாவது வேறு. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது வேறு. எல்லாவற்றுக்கும் முன் அவளுடைய செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதைக் கட்டணமில்லாமலேயே செய்துகொள்ளலாம். காது கேட்காத குழந்தைக்கு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பணத்தையும் காலத்தையும் இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தத் தகப்பனார் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அழுததை இன்றும் மறக்க முடியவில்லை.

இப்போது கணக்கு. வருமானம் 62,000. தவணை, வீட்டுச் செலவு, செல்வமகள், எஸ்.ஐ.பி., பாலிசிக்கு மாதம் 3,000 என எல்லாம் சேர்த்து 57,000 போகிறது. மிச்சம் 5,000, தெரபிக்கு வேண்டியது 14,000. துண்டு விழும் 9,000-க்குத் தனிநபர் கடன் வாங்கிவிடாதீர்கள். செல்வமகள் கணக்கை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக்கு 250 ரூபாய் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு அந்த 250 மட்டும் கட்டுங்கள். மாதம் 10,000 உங்கள் கைக்கு வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளில் கட்டாமல் விடும் தொகை 2.4 லட்சம். வட்டி 8.2 சதவீதத்திலேயே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், கணக்கு முதிரும்போது கைக்கு வருவது ஏறத்தாழ 9, 10 லட்சம் குறையும். சிறிய தொகை அல்ல. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து படிப்புச் செலவுக்குப் பணம் எடுக்க அவளுக்கு 18 வயதாக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். அவளுக்கு உதவி தேவைப்படுவது மூன்று வயதில். மொழியும் பழகும் விதமும் வேகமாக உருவாகும் பருவம் இது. சேமிப்பில் விழும் பள்ளத்தை ஐந்தாண்டு கழித்துக் கூடுதலாகக் கட்டி ஓரளவு நிரப்பலாம். இந்தப் பருவத்தை அப்படித் திரும்பப் பெற முடியாது.

பொருளாதாரத்தில் 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெக்மன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளித் திட்டத்தை அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். அதில் இருந்தவர்கள் 123 குழந்தைகள். பாதிப் பேருக்கு நல்ல முன்பருவக் கல்வி கிடைத்தது, மீதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், அந்தக் கல்விக்குச் செலவிட்ட பணம் சமூகத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை பலன் தந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். அவர்கள் வறிய குடும்பத்துக் குழந்தைகள், ஆட்டிசம் உள்ளவர்கள் அல்லர். ஆகவே அந்தச் சதவீதத்தை உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். மூன்று, நான்கு வயதில் செய்யும் செலவையும் முதலீடாக எண்ணிப் பார்க்கலாம் என்பதற்காகவே சொல்கிறேன். தெரபிக்குப் போகும் பணத்தை "கரைகிறது" என்று வீட்டில் யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

14,000 முழுவதையும் தனியாருக்கே கொடுக்க வேண்டுமா என்றும் பாருங்கள். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. மருத்துவமனை ஊழியர்களிடம் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். மதிப்பீடும் பயிற்சியும் அங்கே இலவசம். கூட்டம் இருக்கும், வாரத்துக்கு ஐந்து நாள் கிடைக்காமல் போகலாம். இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் தனியாரிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அலுவலகத்தில் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களைப் பற்றியும் விசாரியுங்கள். ஒருமுறை விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியார் மையத்தில் சேர்க்கும் முன், ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்புக் கல்வியாளரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர்களா என்று கேளுங்கள். தள்ளுபடி தருகிறோம் என்று ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம் என்று லட்சங்களில் பேசுபவர்களின் வாசலை மிதிக்கவே வேண்டாம். அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே தெரிவித்துவிட்டது.

அந்த பிளே ஸ்கூலுக்கு வருகிறேன். 85,000 என்றால் மாதம் 7,000. உங்களிடம் அது இல்லை, இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இந்த வயதுக் குழந்தையின் படைப்பாற்றல் பாடத்திட்டத்தில் இல்லை. மண்ணைக் குழைப்பதில், கோலமாவைத் தரையில் இழுப்பதில், காலி அட்டைப்பெட்டியை பஸ்ஸாக்கி ஓட்டுவதில் இருக்கிறது. உங்கள் மகள் பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். அவள் உங்களைப் பார்க்கும் அந்த நொடியில் ஒரு சொல்லைக் கொடுங்கள். தெரபிஸ்ட் சொல்லித்தரும் வீட்டுப் பயிற்சியும் பெரும்பாலும் இப்படிப்பட்ட விளையாட்டுதான். பள்ளியைத் தேடும்போது சுவரில் வரைந்த ஓவியங்களைப் பார்க்காதீர்கள். ஓர் ஆசிரியைக்கு எத்தனை குழந்தைகள், அழும் குழந்தையை அவர் எப்படிக் கையாள்கிறார், தெரபிஸ்டோடு பேசச் சம்மதிப்பாரா என்று பாருங்கள். தெருமுனை அங்கன்வாடியில் அப்படி ஒருவர் இருந்தால் தயங்காமல் அங்கே விடுங்கள்.

ஆட்டிசம் என்று உறுதியானால் மாற்றுத்திறனாளிச் சான்றும் யு.டி.ஐ.டி. என்ற தேசிய அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். "குழந்தைக்கு முத்திரை குத்துவதா" என்று தயங்கும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வலி எனக்குப் புரியும். ஆனால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புப் பெற அந்தச் சான்று வேண்டும். உடல் பரிசோதனை கேட்க மாட்டார்கள், கட்டணம் சில நூறு ரூபாய்தான், தெரபிக்கும் அதில் ஒரு வரம்பு வரை பணம் கிடைக்கும். எல்.கே.ஜி. சேர்க்கும்போது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்கவும் அந்தச் சான்று உதவும். வருமான வரியில், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு 75,000 கழிவு உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது பழைய வரிமுறையில் மட்டும்தான். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய வரிமுறையில் வரியே வராது, அதற்காக அலைய வேண்டாம்.

எண்டோமென்ட் பாலிசியை, மூன்று பிரீமியம் கட்டிவிட்டதால், பெய்ட்-அப் ஆக (இனி பிரீமியம் கட்டாமல், குறைந்த தொகைக்குப் பாலிசி தொடரும்படி) மாற்றிவிடுங்கள். ஆனால் முதலில் உங்கள் கணவர் பெயரில் ஒரு கோடிக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் (சேமிப்பு இல்லாத, குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) எடுத்து அது உறுதியான பிறகே மாற்றுங்கள். ஒரு நாள்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. முப்பதுகளின் தொடக்கத்தில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கு அதன் பிரீமியம் 36,000-இல் பாதிகூட வராது. உங்கள் பெயரிலும் ஒன்று வேண்டும். இந்தக் குழந்தை யாரைச் சார்ந்து எத்தனை ஆண்டு இருப்பாள் என்று இன்று தெரியாது. அதனால்தான் உங்கள் இருவர் உயிருக்கும் காப்பீடு அவள் பெயரில் சேரும் எந்தச் சேமிப்பையும்விட அவசரம். எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, அந்த 5,000-ஐ ஓராண்டுக்கு வங்கி ஆர்.டி.யில் போட்டு அவசர நிதியாக்குங்கள்.

வேலையை விடாதீர்கள். உங்கள் 18,000 போனால் தெரபிக்கு வழியில்லாமல் போகும்; வீட்டில் நீங்கள் இருப்பீர்கள், பயிற்சி நின்றுவிடும். பள்ளித் தலைமையாசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, கடைசிப் பாடவேளைக்கு முன் கிளம்ப அனுமதி கேளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அவளோடு தரையில் உட்காருங்கள். அந்த நேரத்தில் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவருக்குத் தெரிந்த தாலாட்டுகளும் கைவீசம்மாவும் இந்தப் பயிற்சிக்கு மிகவும் பயன்படும். ஆறு மாதம் கழித்துத் தெரபிஸ்ட் எழுதித்தரும் மதிப்பீட்டறிக்கையோடு மீண்டும் எழுதுங்கள். செல்வமகள் கணக்கில் எப்போது பழையபடி கட்டத் தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். அதுவரை அந்த 250 ரூபாயை மார்ச் 31-க்குள் கட்ட மறந்துவிடாதீர்கள்.