குரலுக்கு நடுவே ‘டப், டப்’: புது லேப்டாப் வாங்க வேண்டுமா?

கேள்வி: சிறுகதைகளை வாசித்து வீட்டிலேயே பதிவு செய்கிறேன். 8 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப். மைக்கை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் இணைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் குரலுக்கு நடுவே ‘டப், டப்’ என்று பொரிகிறது. இடமும் போதாமல் எல்லாவற்றையும் எம்பி3 ஆகவே வைக்கிறேன். புது லேப்டாப் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரே ஒரு குரலைப் பதிவு செய்ய இந்த லேப்டாப்பே தாராளம்.

அந்த ‘டப்’ பெரும்பாலும் பஃபர் விவகாரம். மைக்கிலிருந்து வரும் ஒலியை லேப்டாப் எடுத்துக்கொள்ளும்வரை சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்தான் பஃபர். குழாயடியில் குடம் மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் சிறிதாக இருந்தால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் தண்ணீர் கீழே போய்விடும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் எடுக்கும்போது, பஃபர் 128 மாதிரிகள் என்றால், 2.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை குடம் மாற்ற வேண்டும். 1024 என்று வைத்தால் 21 மில்லிசெகண்டு அவகாசம் கிடைக்கும். பஃபர் பெரிதானால் லேப்டாப் வழியாகக் கேட்கும் உங்கள் குரல் தாமதமாகும். ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸிலேயே செருகி, நேரடி மானிட்டரிங்கை (லேப்டாப்புக்குப் போகாமல் மைக் ஒலியை நேரே கேட்கும் வசதி) போட்டுவிட்டால், அந்தத் தாமதம் இருக்காது. இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரையே (ஒலியைத் தாமதமில்லாமல் கடத்த உதவும் மென்பொருள்) போடுங்கள். பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகி, பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். இதற்கெல்லாம் காசே செலவில்லை.

அப்புறம் எம்பி3. தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடுங்கள். வெட்டி, திருத்தி, மறுபடி எம்பி3 ஆகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தேயும். போனது திரும்ப வராது. ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் 24 பிட் வேவ் (WAV) கோப்பாகவே பதிவு செய்யுங்கள். மோனோவில் (ஒரே ஒலித்தடம்) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். ஒரே மைக்கை ஸ்டீரியோவில் பதிவு செய்தால் வீணாக இரட்டிப்பாகும். வேலை முடிந்த கதைகளை ஃபிளாக் (FLAC) கோப்பாகச் சுருக்கி வைத்தால் தரம் துளியும் குறையாமல் இடம் மிச்சமாகும்.

பணம் செலவழிப்பதென்றால் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி உள்ளே மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது நல்ல நிலையில் இருந்தால், ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, கதைகளின் இரண்டாவது பிரதியை அதில் வைத்துக்கொள்ளலாம்.