பழைய பென்ஸா, புது மாடலா? குமரி மாவட்டக் கேள்விகளுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்காரரின் பதில்கள்

பழைய சொகுசு செடான் பற்றி நம்ம மாவட்டத்து ஆட்கள் கேட்டவை இவை. பென்ஸும் பிஎம்டபிள்யூவும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் என்னுடையது. எனக்குக் கை பழகியதை மட்டும் சொல்கிறேன்.

தக்கலை: அண்ணே, புது மாடல் வாங்க வசதியிருந்தும் சிலபேர் டபிள்யூ124 பென்ஸை (1980, 90-களில் வந்த இ-கிளாஸ் செடான்) விடமாட்டேங்கிறாங்களே, பழசு மேல உள்ள பாசம்தானா?

பாசம் மட்டும் என்றால் இரண்டு வருடத்தில் விற்றுவிடுவார்கள். நம்ம ஊர் ரோட்டுக்கு அந்த வண்டி பொருந்துகிறது, அதுதான் காரணம். 1995-ல் புனேயில் பென்ஸ் கம்பெனி முதலில் அசெம்பிள் செய்ததும் இதே மாடல்தான். கண்ணாடிகள் பெரிசு, அவற்றுக்கு இடையிலுள்ள தூண்கள் மெலிசு. டிரைவர் சீட்டிலிருந்து போனட் நுனி தெரியும். தக்கலை கடைவீதியில் எதிரே பஸ் வந்தால் எவ்வளவு ஒதுங்கலாம் என்று கண்ணே சொல்லிவிடும்.

டயரைப் பாருங்கள். 195/65, ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குழியின் அடியை டயரே வாங்கிக்கொள்ளும். புதுசில் 18 அங்குலம், அதற்கும் மேல். டயர் பட்டையாக இருக்கும், அடி நேரே ரிம்முக்குப் போகும். மழைக்காலம் கழிந்ததும் ரிம் வளைந்து, டயர் பக்கவாட்டில் புடைத்து வருகிற வண்டிகளில் பெரும்பாலும் புதுசுதான்.

ஏசியைக் கூட்டக் குறைக்கக் குமிழைத் திருகினால் போதும், கண் ரோட்டிலேயே இருக்கும். புதுசில் பலதுக்கும் திரையைத் தொட வேண்டும். வளைவில் போகும்போது அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒற்றை வைப்பரையும் சொல்லாமல் விட முடியாது. நடுவில் சுருங்கி, கண்ணாடியின் மேல் மூலைகளுக்கு நீண்டு துடைக்கும். ஆடி மழையில் அதன் அருமை தெரியும். அதன் கியருக்கு மட்டும் அவ்வப்போது கிரீஸ் வையுங்கள்.

குளச்சல்: கடலோரம் வீடு. 2001 மாடல் டபிள்யூ210 (டபிள்யூ124-க்கு அடுத்து வந்த பென்ஸ்) விலைக்கு வருது. கொள்ளாமா?

கேட்டு வாங்கும் விலை எவ்வளவு குறைந்தாலும் அடியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்த மாடலுக்குத் துரு பெரிய சாபம். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி, உள்ளே டார்ச் அடியுங்கள். ஸ்பிரிங்கின் மேல் நுனி உட்காருகிற கிண்ணம் பாடியோடு வெல்டிங் செய்தது. மேலே பூசிய சீலர் நல்லா இருக்கும், அதற்குள்ளே ஈரம் நின்று இரும்பைத் தின்றிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். பொருக்கு உதிர்ந்தால் வேண்டாம். ஓடும்போது அது பிய்ந்தால் ஸ்பிரிங் விட்டு, அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

நல்ல வண்டியே கிடைத்தாலும் உப்புக்காற்றில் வாரத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் குளச்சலுக்கு இந்த வண்டி ஆகாது.

நாகர்கோவில்: பழசில் எலக்ட்ரானிக்ஸ் தொல்லை இல்லைதானே?

உண்டு. 1990-களின் முதல் பாதியில் வந்த பென்ஸ்களில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் கெட்டுப்போகும். வளைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே செம்பு வெளியே தெரியும். மாற்றிய வண்டியா என்று கேட்டு வாங்குங்கள். டபிள்யூ210-க்கு அடுத்து வந்த டபிள்யூ211-ல் பிரேக்கையே மின்பம்பை நம்பி வைத்தார்கள். அந்தப் பம்ப் யூனிட் போனால் செலவு பெரிசு. 2006-ல் கம்பெனியே அதைக் கைவிட்டு, பழைய முறைக்குத் திரும்பியது. அதனால் டபிள்யூ211 வேண்டுமென்றால் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்ததைத் தேடுங்கள்.

குலசேகரம்: என்கிட்ட 2008 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ். தம்பி புதுசு எடுத்தான். பேச்சிப்பாறை ரோட்டில் ரெண்டையும் ஓட்டினேன், எனக்கு என் வண்டிதான் பிடிக்குது. ஏன்?

உங்களுடையது இ60 என்கிற தலைமுறை. ஸ்டியரிங் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. 2010-ல் வந்த எஃப்10 தலைமுறையிலிருந்து மின்மோட்டார். ஆயில் பம்ப் எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் சக்தியை இழுக்கும், மோட்டார் திருப்பும்போது மட்டும் இழுக்கும். தானே பார்க்கிங் செய்கிற வசதிக்கும் மோட்டார்தான் தோது. கம்பெனிக்கு அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டயர் எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்கப் பார்க்கிறது என்பது ஆயில் ஸ்டியரிங்கில் கைக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் ஈர இலை கிடக்கும்போது அது பெரிய விஷயம். கொடுத்துவிடாதீர்கள்.

களியக்காவிளை: கேஎல் நம்பர் பழைய வண்டி மலிவா கிடைக்குது.

என்ஓசி (கேரள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) கையில் வந்த பிறகு மட்டும் முழுப் பணம் கொடுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 தாண்டியவற்றுக்கு அதற்கும் மேல். மலிவு என்பதை இதையெல்லாம் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி: சின்னப் பிள்ளைகள் ரெண்டு. அடிக்கடி நாலுவழிச்சாலையில் திருநெல்வேலி போவோம். டபிள்யூ124 எடுக்கட்டுமா?

வேண்டாம். எனக்கு எவ்வளவு பிரியமான வண்டியானாலும் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். முப்பந்தல் காற்றில் வண்டி ஒதுங்கும்போது இஎஸ்பி (வண்டி வழுக்காமல் நிலைநிறுத்தும் மின்னணு அமைப்பு) பிடித்துக்கொடுக்கும், மோதினால் ஜன்னல் ஓரம் விரியும் கர்ட்டன் ஏர்பேக் பிள்ளைகளின் தலையைக் காக்கும். இவை இரண்டும் உள்ள வண்டியாகப் பாருங்கள். டபிள்யூ124-ஐ வீட்டில் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம்: இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய வண்டிக்கு ஆகுமா?

எஞ்சினை விட ரப்பர்தான் முதலில் அடிவாங்கும். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஃபியூயல் ஹோஸ் (பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்) முழுவதையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலைப் போட்டு வைக்காதீர்கள். ஹோஸ் மாற்றும்போது கிளாம்பையும் புதுசாகப் போடச் சொல்லுங்கள்.