கேவண்டிஷ்: ஒரே பெயர், பல கிளை, பல ஊர் (கேள்வி பதில்)

கேவண்டிஷ் என்பது முதலில் ஊர்ப்பெயரா, ஆட்பெயரா?

ஊர்ப்பெயர்தான். இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு கிராமம் இன்றும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'காஃபா என்பவன் வேலி போட்ட மேய்ச்சல் நிலம்' என்று பொருள். அந்த ஊர்க்காரர் என்று சொல்லிச் சொல்லி அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் முதலில் பெயர் பெற்றவர் தலைமை நீதிபதி சர் ஜான் கேவண்டிஷ். 1381 உழவர் கிளர்ச்சியில் அவரைத் தலை வெட்டிக் கொன்றார்கள்.

பழைய ஏடுகளில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் இதை 'கேண்டிஷ்' என்று உச்சரித்தார்கள், காதில் விழுந்தபடியே எழுதியும் வைத்தார்கள். 1586இல் புறப்பட்டு 1588இல் உலகைச் சுற்றித் திரும்பிய சஃபோக் மாலுமி தாமஸ் கேவண்டிஷைக்கூட இந்த எழுத்தில் தேடினால்தான் சில பதிவுகளில் பிடிக்க முடியும்.

கேவண்டிஷ் குடும்பத்தாரை டெவன்ஷைர் டியூக் என்கிறார்கள், ஆனால் அவர்களுடைய மாளிகை டெர்பிஷைரில் இருக்கிறதே? குழப்பமாக இருக்கிறது ஐயா.

பட்டப்பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். குடும்பப் பெயர் கேவண்டிஷ், 'டெவன்ஷைர் டியூக்' என்பது பிரபுப் பட்டம். பட்டத்தில் வரும் ஊரில் நிலமோ வீடோ இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர் வில்லியம் கேவண்டிஷ் 1547இல் 'ஹார்ட்விக் பெஸ்' என்று பெயர் பெற்ற எலிசபெத்தை மணந்தார். அந்த அம்மையார் டெர்பிஷைர்க்காரர். 1549இல் இருவரும் 600 பவுண்டுக்கு அங்கே சாட்ஸ்வொர்த் பண்ணையை வாங்கினார்கள். குடும்பத்தின் வேர் அந்த மண்ணில் இறங்கியது இந்த அம்மையாரால்தான். அவருடைய ஒரு மகன் வழியில் டெவன்ஷைர் டியூக்குகள் (1694 முதல்), இன்னொரு மகன் வழியில் நியூகாசில் டியூக்குகள் என இரண்டு கிளை பிரிந்தது.

ஆளை அடையாளம் காணும்போது பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'லார்டு' என்பதை அடுத்துச் சொந்தப் பெயரும் குடும்பப் பெயரும் வந்தால் (லார்டு ஜேம்ஸ் கேவண்டிஷ் மாதிரி) அவர் பெரும்பாலும் டியூக்கின் இளைய மகன். பட்டம் அவருக்கு வராது. மூத்த மகனை அப்பா இருக்கும்வரை 'ஹார்ட்டிங்டன் மார்க்விஸ்' என்பார்கள், அப்பா இறந்ததும் அவர் 'டெவன்ஷைர்' ஆகிவிடுவார். ஒரே மனிதர் நூலின் பெயர் அட்டவணையில் மூன்று இடத்தில் இருப்பது இதனால்தான். மூன்றையும் பார்க்காமல் 'ஆள் இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

டப்ளினில் கொல்லப்பட்ட லார்டு ஃபிரெடரிக் கேவண்டிஷ் பெயரில்தான் கனடாவில் ஓர் ஊர் இருக்கிறதாமே?

இல்லை. இது அடிக்கடி நடக்கும் தவறு. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் உள்ள கேவண்டிஷ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் பெற்ற ஊர். அந்தப் பெயர் ராணுவத் தளபதியாக இருந்த லார்டு ஃபிரெடரிக் கேவண்டிஷைக் குறிக்கிறது (1729–1803). டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் கத்திக்குத்தில் இறந்தவர் வேறொரு லார்டு ஃபிரெடரிக். அயர்லாந்தின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்ற அன்றே, 1882 மே 6ஆம் தேதி மாலை, அவர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி லூசியின் பெயரில்தான் கேம்பிரிட்ஜில் 1965இல் லூசி கேவண்டிஷ் கல்லூரி தொடங்கியது. பெயர் ஒன்றாக இருந்தால் உடனே பிறந்த ஆண்டைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் வில்லியம், ஹென்றி, ஃபிரெடரிக் என்று அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள்.

கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவியது விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷா?

அவர் 1810இலேயே காலமாகிவிட்டார், ஆய்வகம் திறந்தது 1874இல். பணம் கொடுத்தவர் 7ஆம் டெவன்ஷைர் டியூக், அப்போதைய கேம்பிரிட்ஜ் வேந்தர். அங்கே முதல் பேராசிரியர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல். ஹென்றி வெளியிடாமல் விட்டுப்போன மின்சார ஆய்வுக் குறிப்புகளை அவர்தான் பதிப்பித்து 1879இல் வெளிக்கொண்டு வந்தார்.

பூமியின் அடர்த்தியை அளக்க ஹென்றி 1797–98இல் செய்த சோதனையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 6 அடி மரக்கோல் ஒன்றை நடுவில் கம்பி கட்டித் தொங்கவிட்டார். அதன் இரு முனையிலும் 2 அங்குல ஈயக் குண்டுகள். பக்கத்தில் 12 அங்குல ஈயக் குண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ. பெரியது சின்னதை ஈர்ப்பு விசையால் இழுக்கும்போது கோல் நகர்ந்தது வெறும் 4 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அறையில் ஓரிடம் லேசாகச் சூடேறினாலும் காற்று அசைந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் கருவியைப் பூட்டிய அறையில் வைத்து, சுவரில் துளை போட்டு, வெளியே நின்று தொலைநோக்கியால் அளவெடுத்தார். பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று விடை வந்தது. இன்றைய மதிப்பு 5.51. பாடநூல்கள் அவர் ஈர்ப்பு மாறிலியை (ஈர்ப்பு விசையைக் கணக்கிட உதவும் மாறாத எண்) கண்டுபிடித்ததாக எழுதுகின்றன. அவர் தேடியது பூமியின் அடர்த்தியை. மாறிலியைப் பிறகு வந்தவர்கள் அந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டு எடுத்தார்கள்.

நான் தேனியில் ஜி9 வாழை போடுகிறேன். அதுவும் கேவண்டிஷ் ரகம் என்கிறார்களே, அதே குடும்பமா?

அதே குடும்பம்தான். 6ஆம் டியூக் வில்லியம் கேவண்டிஷின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், மொரிஷியஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்த கன்று ஒன்றை சாட்ஸ்வொர்த் கண்ணாடிக் குடிலில் வளர்த்தார். அது 1835இல் பூத்தது. முதலாளியின் பெயரையே ரகத்துக்கு வைத்தார். அங்கிருந்து ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் சமோவாவுக்குக் கன்று கொண்டுபோனார், பசிபிக் தீவுகளில் பரவியது. உங்கள் ஜி9, ரோபஸ்டா, குள்ள ரகம் எல்லாமே இந்தக் கூட்டம்தான்.

பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய் ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷேல் ரகத்தை 1950களில் வீழ்த்தியபோது, அந்த இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். நம் ஊரில் ரஸ்தாளியைத் தாக்குவதும் அந்தப் பழைய வகைப் பூஞ்சைதான். கேவண்டிஷ் அதைத் தாங்கும், ஆனால் டிஆர்4 என்ற புதிய வகையைத் தாங்காது. பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும், மருந்தடித்து ஒழிக்க முடியாது. பீகாரில் டிஆர்4 வந்துவிட்டது. ஆகவே பக்கவாட்டுக் கன்றை வெளியூரிலிருந்து வாங்காமல், திசு வளர்ப்பு நாற்றையே வாங்குங்கள். வெளித் தோட்டத்து மண்வெட்டியையும் டிராக்டரையும் மண் போகக் கழுவாமல் உள்ளே விடாதீர்கள்.

சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷும் இந்த வம்சமா?

பெயரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவர் மேன் தீவுக்காரர். 2024இல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 35ஆவது கட்ட வெற்றி பெற்று, பழைய வீரர் எடி மெர்க்ஸின் 34 வெற்றிச் சாதனையைத் தாண்டினார்.

சென்னைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டா?

இரண்டு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து (1687–1692) பெரும் பணம் சேர்த்த எலிஹு யேலின் மகள் ஆன், 1708இல் லார்டு ஜேம்ஸ் கேவண்டிஷை மணந்தார். அவர் முதல் டெவன்ஷைர் டியூக்கின் மகன்.

இரண்டாமவர் வில்லியம் பென்டிங்க், முழுப்பெயரில் லார்டு வில்லியம் ஹென்றி கேவண்டிஷ்-பென்டிங்க். 1803இல் சென்னை ஆளுநராக வந்தார். தாடி, நெற்றிக் குறி, புதிய தலைப்பாகை பற்றிய ராணுவ உத்தரவால் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. மறு ஆண்டு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பிறகு தலைமை ஆளுநராகி 1829இல் சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்தைத் தடை செய்தவரும் இவரே.

பென்டிங்குக்கு எப்படிக் கேவண்டிஷ் பெயர் வந்தது?

பெண்கள் வழியாக. நியூகாசில் கிளையில் 1691இல் ஆண் வாரிசு அற்றுப்போனது. மகள் மார்கரெட் ஜான் ஹோல்ஸை மணந்தார். அவர்கள் மகள் ஹென்ரியட்டா எட்வர்ட் ஹார்லியை மணந்தார். அவர்கள் மகள் இன்னொரு மார்கரெட் 2ஆம் போர்ட்லண்ட் டியூக்கான பென்டிங்கை மணந்தார். நம் ஆளுநர் அவருடைய பேரன். ஆளுநரின் தாய் டாரதியோ டெவன்ஷைர் கிளையின் கேவண்டிஷ், ஆக இரு பக்கமும் அதே இரத்தம்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். லண்டன் வரைபடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு வடக்கே பாருங்கள்: கேவண்டிஷ் சதுக்கம், ஹோல்ஸ் தெரு, ஹென்ரியட்டா பிளேஸ், ஹார்லி தெரு, மார்கரெட் தெரு, போர்ட்லண்ட் பிளேஸ். கால் மணி நேரத்தில் வம்சாவளி முழுவதையும் நடந்தே முடித்துவிடலாம்.