இரைப்பை அறுவைக்குப் பின் பித்தப்பைக் கற்கள்: கேள்வி பதில்

கேள்வி: புற்றுநோய்க்காக என் தந்தையின் இரைப்பையை முழுவதும் அகற்றினார்கள். பித்தப்பையைத் தொடவில்லை என்கிறார்கள். ஒன்றரை ஆண்டில் அதில் கல் எப்படி வந்தது?

பதில்: கல்லீரல் இடைவிடாமல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்துக் கெட்டியாக்கும் பை அது, 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும். உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலை அடையும்போது அங்கே சுரக்கும் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனே அதைச் சுருங்கவைக்கிறது. இரைப்பையை எடுத்தபின் உணவுக்குழாயைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு இணைத்துவிடுவதால் உணவு முன்சிறுகுடலின் வழியே செல்வதில்லை; நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது பித்தப்பை சுருங்க உதவும் வேகஸ் நரம்பின் கிளைகளும் பெரும்பாலும் அறுபடுகின்றன. சுருங்காத பையில் தேங்கும் பித்தநீர் முதலில் சேறுபோலாகிப் பிறகு கல்லாகிறது. ஆகவே இதை மருத்துவரின் பிழையென்று எண்ண வேண்டாம்.

கேள்வி: எனக்கும் ஸ்கேனில் கல் தெரிந்தது, வலி இல்லை. பித்தப்பையை எடுத்துவிடலாமா?

பதில்: பொதுவாகத் தேவையில்லை. பெரும்பாலான கற்கள் தொல்லை தராமலே இருந்துவிடும்.

கேள்வி: எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட என் தங்கைக்கு ஆறு மாதம் உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கல்லே இல்லாதபோது எதற்கு?

பதில்: கல் வராமலிருக்கத்தான். எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்டிராலைப் பித்தநீரில் சேர்க்கிறது. அது படிகமாவதை இம்மாத்திரை தடுக்கிறது; வேகமாக எடை குறையும் முதல் மாதங்களில்தான் ஆபத்து மிகுதி. இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பின்னும் இது உதவுகிறது: தென்கொரியாவில் நடந்த ஆய்வில் ஓராண்டுக்குள் கல் உண்டானவர்கள், மாத்திரை எடுக்காதோரில் 16.7 சதவீதம், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் எடுத்தோரில் 5.3 சதவீதம். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: எண்ணெயை அறவே விட்டுவிட்டால் கல் வராதா?

பதில்: அது எதிர்விளைவையே தரும். கொழுப்பே இல்லையென்றால் பித்தப்பை சுருங்குவது மேலும் குறையும். உணவியலாளர் சொன்ன அளவுக்குச் சமையல் எண்ணெய் இருக்கட்டும்.

கேள்வி: எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

பதில்: வலது விலாவின் கீழ் மணிக்கணக்கில் நீடிக்கும் வலி, நடுக்கத்துடன் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்திருந்தால், வாய்வழி எண்டோஸ்கோப்பியால் எடுப்பது மாற்றியமைத்த குடலில் கடினம். வேறு வழிகளை மருத்துவர் விரைந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால் அறுவைக் குறிப்பின் நகலை எப்போதும் கையில் வைத்திருந்து, அவசரப் பிரிவில் முதலிலேயே காட்டுங்கள்.