துபாயில் ‘மக்கானி நம்பர்’ கேட்கிறார்களே, அது என்ன?

துபாயில் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலுக்கும் மாநகராட்சி கொடுத்திருக்கும் பத்து இலக்க எண்தான் மக்கானி. அரபியில் ‘என் இடம்’ என்று பொருள். வாசல் பக்கத்துச் சுவரில் சின்னப் பலகையில் இருக்கும்.

நம்மூரில் கதவு எண், தெரு, பின்கோடு மூன்றும் இருந்தாலும், பார்சல்காரரிடம் “குருசடி தாண்டி இடது பக்க முடுக்கு, மாடி வீடு” என்றுதான் சொல்கிறோம். அங்கே பின்கோடே கிடையாது. ஆன்லைன் படிவம் பின்கோடு கேட்டு அடம்பிடித்தால் 00000 என்று போட்டுவிடுவார்கள். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இந்த எண்.

வரைபடத்தில் அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டம் போட்டு அளந்த கணக்குதான் இது. முதல் ஐந்து இலக்கம் கிழக்கு மேற்கு, அடுத்த ஐந்து தெற்கு வடக்கு, கணக்கு மீட்டரில். அதனால் ஐந்தில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் ஒரு மீட்டர்தான் தள்ளும். முதல் இலக்கத்தில் ஒன்று மாறினால் 10 கிலோமீட்டர், இரண்டு மாறினால் 20. நாகர்கோவிலுக்கு வரவேண்டிய ஆம்புலன்ஸ் கன்னியாகுமரியில் போய் நிற்பது மாதிரி! பலகையைப் போட்டோ எடுத்து, வீட்டில் எல்லோருடைய போனிலும் வைத்துவிடுவது நல்லது.

பெரிய கட்டடத்துக்கு வாசலுக்கு ஒன்றாகப் பல எண்கள் உண்டு. நீங்கள் ஏறும் வாசலின் எண்ணைக் கொடுங்கள். பிளாட் எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும், மக்கானியில் அது இல்லை.

மக்கானி தபால் முகவரி என்று பலர் நினைக்கிறார்கள், அது அல்ல. சாதாரணக் கடிதம் அங்கே பி.ஓ. பாக்ஸுக்குத்தான் போகும், ஊரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு அந்த பாக்ஸ் எண்ணைக் கொடுக்க வேண்டும்.