ஒன்பதாம் தரத்தில் தரும் அந்தத் தாளில் எதற்குப் புள்ளடி இடுவது?

கேள்வி: டோஹாவிலிருந்து குடும்பத்தோடு கொழும்புக்குத் திரும்பி ஒரு வருடம்தான் ஆகிறது. மகள் ஒன்பதாம் தரம். ஓ.எல்.லுக்கு (பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை) தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யச் சொல்லி பாடசாலையில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். பிழையாக எடுத்தால் பின்னால் டொக்டருக்கோ இஞ்ஜினியருக்கோ படிக்க முடியாமல் போய்விடுமா?

போகாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இதே தாள் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. அன்றிரவு நானும் மனைவியும் பிள்ளையைத் தூங்கவிடாமல் பன்னிரண்டு மணி வரை கதைத்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கவலைப்பட்டிருக்கிறோம்.

உண்மையில் உங்கள் மகளுக்கு இது முதல் தெரிவும் இல்லை. ஆறாம் தரத்திலேயே அழகியற் பாடத்தில் சித்திரமா, சங்கீதமா, நடனமா, நாடகமா என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் அப்போது இங்கே இல்லை, அவ்வளவுதான். அதைத் தவிர ஒன்பதாம் தரம் வரை எல்லாருக்கும் ஒரே பாடங்கள். பத்தாம் தரத்தில்தான் ஒன்பது பாடமாகச் சுருங்கும். அதில் ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மீதி மூன்றுதான் உங்கள் கையில் இருக்கும் தாள். மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பாடம். முதலாவதில் வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியியல், இரண்டாம் மொழி சிங்களம் போன்றவை இருக்கும். இரண்டாவது அழகியலும் இலக்கியமும். மூன்றாவதில் ஐ.சி.டி. (தகவல் தொழினுட்பம்), விவசாயம், சுகாதாரம், மனைப் பொருளியல் என்று போகும்.

இந்த மூன்றில் எதுவும் ஏ.எல்.லில், அதாவது பன்னிரண்டாம் தரத்தில் தொடங்கும் உயர்தரத்தில், ஒரு பிரிவின் கதவை மூடுவதில்லை. பயோவுக்கோ (உயிரியல் பிரிவு) மெத்ஸுக்கோ (கணிதப் பிரிவு) பிள்ளையை எடுக்கும்போது பாடசாலை பார்ப்பது கணிதத்தையும் விஞ்ஞானத்தையும்தான். அந்த இரண்டும் கட்டாயப் பாடங்கள், தாளில் கேட்கவே மாட்டார்கள். சித்திரம் படித்த பிள்ளை டொக்டராகலாம். மனைப் பொருளியல் படித்த பிள்ளை மொறட்டுவையில் இஞ்ஜினியரிங் படிக்கலாம். கொமர்ஸ் பிரிவுக்குக்கூட ஓ.எல்.லில் வணிகம் எடுத்திருக்க வேண்டும் என்றில்லை.

இதில் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். என் மகள் எடுத்தது சிங்களம், சித்திரம், சுகாதாரம். இப்போது பன்னிரண்டாம் தரத்தில் கொமர்ஸ். முதல் தவணையில் கணக்கீட்டு வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இரட்டைப் பதிவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இவள் எது வரவுப் பக்கம், எது செலவுப் பக்கம் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள். எட்டிப் பிடிக்க மூன்று மாதம் எடுத்தது. அதாவது கதவு பூட்டியிருக்காது, படி மட்டும் கொஞ்சம் உயரமாக இருக்கும். சங்கீதமும் நடனமும் வேறு மாதிரி. ஓ.எல்.லிலேயே செயன்முறைப் பரீட்சை உண்டு, வருடக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலை, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் என்று பட்டம்வரை போக நினைக்கும் பிள்ளை இந்த இடத்தில் கையை விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

சிங்களத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்புப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியும்தானே, அதற்கு ஏன் ஒரு பாடத்தை வீணாக்குவது என்று மாமனார் சண்டை பிடித்தார். கடையில் 'கீயத' (எவ்வளவு) என்று கேட்கத் தெரியும், சரி. பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அப்பாவைத் தேடும். அதனால்தான் எடுக்க வைத்தேன். இது என் விருப்பம், சட்டம் இல்லை.

தாளில் இருப்பதெல்லாம் பாடசாலையில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். என் மகள் முதலில் புள்ளடி போட்டது நாடகமும் அரங்கியலும். இரண்டு கிழமை கழித்துத் தாள் திரும்பி வந்தது, நாடகத்துக்கு மேலே சிவப்புப் பேனாக் கோடு. டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், எட்டுப் பிள்ளைகளுக்காகப் புது டீச்சர் கிடைக்காது என்று வகுப்பு மிஸ் சொன்னார். பாடசாலையின் பெயர் வேண்டாம், தமிழ் மூலப் பாடசாலைகள் பலவற்றில் இதுதான் நிலைமை. கையெழுத்துப் போடும் முன் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாடத்துக்கு இப்போது டீச்சர் இருக்கிறாரா?

கவலையை மிச்சம் பிடித்து வைக்க வேண்டிய இடம் பன்னிரண்டாம் தரம். அங்கே மூன்றே பாடம். ஒவ்வொரு பாடமும் ஒரு பட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியல் கஷ்டம் என்று விவசாய விஞ்ஞானம் எடுத்தால் பயோ பிரிவிலேயே இருக்கலாம், மருத்துவ பீடம் மட்டும் கிடையாது. மெத்ஸிலும் அப்படித்தான். இரசாயனவியலை விட்டு ஐ.சி.டி. எடுக்கலாம், கணினி சார்ந்த பட்டங்களுக்கு வழி இருக்கும், பொறியியல் பீடத்துக்கு இருக்காது. இதைப் பன்னிரண்டாம் தரத்தின் முதல் கிழமையில் யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. 2013இல் வந்த தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது, பாடசாலையில் இருந்தால் விசாரியுங்கள். சட்டம் படிக்க விரும்பினால் எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

நான் இதை அடிபட்டுத்தான் படித்தேன். ஏ.எல். நான்கு பாடமாக இருந்து மூன்றானது 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து. அப்பா படித்தது தூய கணிதம், பிரயோக கணிதம் என்று தனித்தனியாக இருந்த காலத்தில். "இப்ப ரெண்டையும் ஒண்டாக்கிட்டாங்கள், உனக்கு லேசு" என்று என்னை மெத்ஸில் போட்டார். ஒன்றாக்கினார்கள்தான், லேசாக்கவில்லை. 2003இல் முதல் ஷை (பரீட்சை எழுதும் தடவை): பௌதிகவியல் எஸ் (சாதாரண சித்தி), இரசாயனவியல் எஸ், இணைந்த கணிதம் எஃப் (சித்தியில்லை). பெறுபேற்றுத் தாளை அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போனார். நான் கொமர்ஸுக்கு மாறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பல்கலைக்கழகத்துக்கு மூன்று ஷைதான் என்பதால் அதில் ஒன்று வீண்.

"லேசான பாடமாகப் பார்த்து எடுத்தால் புள்ளி கூடும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அனுமதி பார்ப்பது இசட் புள்ளியை. உங்கள் பிள்ளையின் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியை விட எவ்வளவு மேலே என்பதுதான் கணக்கு. எல்லாரும் எண்பது எடுக்கும் பாடத்தில் எண்பத்தைந்து எடுப்பது பெரிய விஷயமில்லை. எல்லாரும் நாற்பதில் தவிக்கும் பாடத்தில் அறுபது எடுத்தால் அது பெரிது. அதோடு நாங்கள் கொழும்பு மாவட்டம். பெரும்பாலான பட்டங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மருத்துவத்துக்குக் கொழும்பு வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) வருடாவருடம் உச்சத்தில் நிற்கும் மாவட்டங்களில் ஒன்று. வேறு மாவட்டத்தில் கிடைத்திருக்கக்கூடிய இசட் புள்ளியோடு இங்கே வீட்டில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஒன்று சொல்கிறேன். ஓ.எல். எழுதி முடித்த மறு கிழமையே, பெறுபேறு வரும் முன், வெள்ளவத்தையில் ஏ.எல். டியூஷன் தொடங்கிவிடும். 101 பஸ்ஸில் பிள்ளைகள் புது இரசாயனவியல் புத்தகத்தோடு தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்து நீங்களும் பணத்தைக் கட்டத் துடிப்பீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதத்தில் பிள்ளையிடம் பதினோராம் தரக் கணித வினாத்தாள் ஒன்றையும் விஞ்ஞான வினாத்தாள் ஒன்றையும் கொடுத்து, எதைத் தானாக எடுத்துச் செய்கிறாள், எதை மேசையில் விட்டுவிட்டுப் போகிறாள் என்று பாருங்கள். என் அப்பா அதைப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு ஷை மிஞ்சியிருக்கும்.

இப்போதைக்குத் தாளைப் பென்சிலால் நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தடவை அழித்ததில் மூன்றாவது தொகுதிப் பெட்டியே கிழிந்துபோய், பின்பக்கம் செலோடேப் ஒட்டித்தான் கொடுத்தனுப்பினோம்.